தவறிய அடிக்கு ஒரு புள்ளி

ஆட்டம் தொடங்கும்போது நடுவர் பந்தை நிலத்தில் ஓங்கி அடிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்களாம். பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்ற அதிர்ஷ்டம் இனி இல்லை, சும்மா மேலே எறிந்துவிடுவார்களாம். அவுஸ்திரேலியாவில் நீள்வட்டப் பந்தை வைத்துக்கொண்டு நீள்வட்ட மைதானத்தில் ஆடுகிற உதைபந்தாட்டத்தைப் பற்றிய செய்தி உனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் திருகோணமலையில் பிறந்தவள். மொன்றியலில் பியர்பொன்ட்ஸில் வீடு. அவுஸ்திரேலியாவை விமானத்திலிருந்துகூடக் கண்டதில்லை. ஆனால் சில வருடங்கள் ஒருவருடைய காரின் முன்னிருக்கையில் இருந்து வேலைக்குப் போன பாவத்துக்கு, என் கைபேசி இன்றைக்கும் அந்தச் செய்திகளைக் கொண்டுவந்து தள்ளுகிறது. இதை வாசித்ததும் அவரைத்தான் நினைத்தேன். இப்போது ரொறன்ரோப் பக்கம் குடிபோய்விட்டார். இந்த நேரம் அங்கே ஏதோ ஒரு வரவேற்பறையில் இருந்து, "அதிர்ஷ்டத்தையும் பிடுங்கிப்போட்டாங்கள்" என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவருடைய பெயர் இங்கே வேண்டாம். எங்களுக்குள் அவர் மெல்பேர்ன் அண்ணை. கிழக்கே துறைமுகப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுஸில் அவருக்கும் எனக்கும் வேலை. பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ்ஸில் போனால் சீவியத்தின் பாதி பஸ்ஸிலேயே கழிந்துவிடும். ஆகவே அவருடைய சாம்பல் நிறக் காரில் போனோம். முன்னால் அவரும் நானும். பின்னால் பிரவீன். அவன் கோயம்புத்தூர்க்காரன், அதே வெயர்ஹவுஸில் கணினிப் பிரிவில் இருந்தவன். சாதுவான பிள்ளை, கிரிக்கெட்டைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

எங்கள் வெள்ளிக்கிழமைக் காலை அங்கே வெள்ளிக்கிழமை இரவு. இரவு ஆட்டம் அங்கே நடக்கும்போது நாங்கள் நாற்பதாம் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்போம். கைபேசியைக் காரின் முன்தட்டில் செருகி, ஆட்டத்தைப் போட்டுவிடுவார். படத்தைப் பார்க்கமாட்டார், கவனமான சாரதி. வர்ணனையைக் கேட்டுக்கொண்டே தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டு வருவார். அந்தக் காருக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. ஆட்டத்தின் நாலு கால்பகுதியும், அவர் மொழியில் குவாட்டரும், முடிந்து சைரன் ஊதும்வரை ஒருவரும் கதவைத் திறக்கக்கூடாது. வெயர்ஹவுஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே வேலை தொடங்கும் மணி அடிக்க, நாங்கள் மூன்று பேரும் இருக்கைப் பட்டியோடு இருந்த வெள்ளிக்கிழமைகள் உண்டு. மேற்பார்வையாளர் ஒருநாள் கண்ணாடியில் தட்டினார். அண்ணை கண்ணாடியை விரலளவு இறக்கி, "மிஸியூ, கடைசிக் குவாட்டர்" என்றார். அந்த மனிதருக்கு என்ன விளங்கியதோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அபிப்பிராயம் என்று சொன்னேன். அது மெல்லிய சொல். ஆட்டம் செத்துவிட்டது என்பது அவருடைய தீர்ப்பு. ஒவ்வொரு கிழமையும் அதன் சவத்தைப் புரட்டிப் புரட்டிக் காயங்களை எங்களுக்குக் காட்டுவார்.

"பந்தைப் பிடிச்சவனுக்கு முன்னாலை நிக்கிறவன் இப்ப அசையக்கூடாதாம். நடுவர் 'நில்' எண்டு சொன்னால் சிலை மாதிரி நிக்கவேணும். அசைஞ்சால் ஐம்பது மீற்றர் தண்டனை. விளையாட வந்தவனோ, வகுப்புக்கு வெளியிலை முழங்காலிலை விட்ட பொடியனோ?"

இன்னொரு கிழமை பந்தய விளம்பரங்கள். "குவாட்டருக்குக் குவாட்டர் அதுதான். முந்தி யார் வெல்லுறானெண்டு கேப்பாங்கள். இப்ப எவ்வளவு கட்டினாய் எண்டு கேக்கிறாங்கள்." இன்னொரு கிழமை, கழகம் மாறும் வீரர்கள். "ஒரு கழகத்துக்கு ஆடினவன் சாகுமட்டும் அந்தக் கழகம். இப்ப ஆளுக்கொரு மனேச்சர், கலியாணத் தரகர் மாதிரி. நாலு நாள் தோத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்காலை." இன்னொரு கிழமை, காணொளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறை. "கம்பத்தடியிலை நிக்கிற நடுவர் தன்ரை கண்ணாலை கண்டதைச் சொல்லுறேல்லை. எங்கையோ அறைக்குள்ளை இருக்கிறவனைக் கேக்கிறார். பேந்து உவருக்கு என்னத்துக்கு ரெண்டு கொடி?"

பனிக்காலத்தில் ஆட்டம் இல்லை. அப்போதாவது காது ஆறும் என்று முதல் வருடம் நினைத்தேன். அந்த மாதங்களில்தான் அவர்கள் விதிகளை மாற்றுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிரவீன் எங்களோடு சேர்ந்த புதிதில் ஒரு நாள் பின்னாலிருந்து, "அண்ணா, இது ரக்பி மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டான். அண்ணை அடுத்த வழியில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடை வாசலில் காரை நிறுத்தினார். உள்ளே போய்க் கோப்பிக் கப்புகள் நாலு வாங்கி வந்தார், இரண்டு பெரியது, இரண்டு சின்னது. அவற்றைக் காரின் முன்மூடியில் வரிசையாக வைத்தார். பெரியவை நடுவில், சின்னவை இரண்டு கரையிலும். பிரவீனை இறங்கச் சொன்னார். குளிர் காதை அறுத்தது.

"இது நாலும் கம்பம். பெரிய ரெண்டுக்கும் நடுவாலை உதைச்சால் கோல். ஆறு புள்ளி. பெரியதுக்கும் சின்னதுக்கும் நடுவாலை போனால் ஒரு புள்ளி. பெரிய கம்பத்திலை பட்டாலும் ஒண்டு. சின்னதுக்கும் வெளியாலை போனால் ஒண்டுமில்லை, பந்து மற்றவனுக்கு. விளங்குதோ?"

"விளங்குதுண்ணா. ஆனா கோல் மிஸ் பண்ணா எதுக்கு ஒரு பாயின்ட்?"

அவருடைய முகம் மலர்ந்ததை நான் கண்ட மிகச் சில தடவைகளில் அது ஒன்று. "அதுதான் தம்பி விசயம். உலகத்திலை வேறை எந்த விளையாட்டிலை தவறினவனுக்குப் புள்ளி குடுக்கிறாங்கள்? உன்ரை கிரிக்கெட்டிலை குடுக்கிறாங்களோ? கிட்டத்தட்ட வந்தனீ, சரி, இந்தா ஒண்டு வைச்சுக்கொள் எண்டு சொல்லுற விளையாட்டு இது ஒண்டுதான். இது மனிசருக்கு மனிசர் கண்டுபிடிச்சது."

இதைப் பிறகு கோயிலில், பிறந்தநாள் விழாவில், செத்தவீட்டில் என்று எத்தனையோ இடத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு வாய் துடிக்கும், ஒன்று திருப்பிக் கேட்க. ஏனென்றால் அந்த மனிதர் வீட்டில் ஒருவருக்கும் ஒரு புள்ளி கொடுத்தவரல்ல. அக்கா, அதாவது அவருடைய மனைவி, கார்தெரி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் நாளெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து இவருக்கும் சமைப்பார். அந்தச் சாப்பாட்டுக்கு இவர் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு, "உப்புச் சரி." மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தால், "மற்றப் பாடங்கள்?" அந்த ஒரே மகள்தான் இந்தக் கதையில் எனக்கு நெஞ்சில் குத்துகிற முள்.

மெல்பேர்ன் கதையை அவர் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒருமுறை பனிப்புயலில் நெடுஞ்சாலை முழுக்க அசையாமல் நின்றபோதுதான் கொஞ்சம் சொன்னார். இளவயதில் அங்கே போயிருக்கிறார். கோழி வெட்டும் ஆலையில் வேலை. ஒருவரோடும் கதைக்கத் தெரியாது. மதிய இடைவேளையில் பக்கத்தில் நின்றவன், கையில் இறகும் இரத்தமுமாக, நீ எந்தக் கழகம் என்று கேட்டானாம்.

"அந்த நாட்டிலை எல்லாரும் கேக்கிற கேள்வி அது, பிள்ளை. சாதி கேக்கமாட்டாங்கள், ஊர் கேக்கமாட்டாங்கள். எந்தக் கழகமெண்டு கேப்பாங்கள். நான் அவன்ரை கழுத்திலை கிடந்த சால்வையைக் காட்டி, அதுதான் எண்டன். அவன் அப்பிடியே கட்டிப்பிடிச்சான். பேந்துதான் தெரியும், அது எப்பவும் தோக்கிற கழகம்."

"மாத்தியிருக்கலாமே அண்ணை?"

"அதை மாத்தேலாது." நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்த்தார்.

சில வருடம் கழித்து அவருக்கு அங்கே இருக்க அனுமதி கிடைக்கவில்லை. வெளிக்கிடச் சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வசனம். "நான் போய்ச் சேரேக்கை ஒரு விதி, பாதி ஆட்டத்திலை வேறை விதி." பிறகு அக்காவைக் கட்டி மொன்றியலுக்கு வந்தார். அந்தச் சால்வையும் கூட வந்தது. இரண்டு நிறமும் வெளிறி ஒரு நிறமாகிவிட்ட அந்தக் கம்பளித் துண்டை, இந்த ஊர்க் குளிருக்கு அது எந்த மூலைக்கு என்று தெரிந்தும், அவர் கழுத்தை விட்டு இறக்கியதில்லை.

நல்ல மனிதர் இல்லையென்று நான் சொல்லவில்லை. புயல் நாளில் என் வாசல் படியின் பனியைத் தன் கையால் வழித்துவிட்டுத்தான் ஹோர்ன் அடிப்பார். என் அம்மா ஊரில் செத்த கிழமை, போக வழியில்லாமல் நான் வேலைக்கு வந்தேன். காரில் அழுதுகொண்டு போனேன். அது ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய கழகம் அதிசயமாக முன்னுக்கு நின்றது. அவர் கையை நீட்டி ஆட்டத்தை நிற்பாட்டினார். பிறகு வெயர்ஹவுஸ்வரை ஒரு சொல் கதைக்கவில்லை. அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு ஒருவரும் செய்ததில்லை. பிறத்தியாருக்கு எல்லாம் செய்யத் தெரிந்த மனிதர்.

மகளுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும்போது, நகரத்தில் ஒரு பூங்காவில் பெண்கள் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள் என்று எங்கேயோ அறிந்து போய்ச் சேர்ந்தாள். வேலைக்கென்று வந்து தங்கிய சில அவுஸ்திரேலியப் பெண்களும், கியூபெக் பெண்களும், அங்குமிங்குமாய்ச் சேர்ந்தவர்களும். தமிழ்ப் பெண் இவள் ஒருத்திதான். அவள் ஏன் போனாள் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் கேட்ட ஒரே தாலாட்டு அதுதான். தகப்பனோடு கதைப்பதற்கு வேறு மொழி அவளிடம் இல்லை. தமிழ் அரைகுறை, அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காரில் அவர் சொன்னார், "மகள் இஞ்சை விளையாடப் போறாளாம். ரக்பி மைதானத்திலையாம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேராம்." சிரிப்பு மாதிரி ஒன்று மூக்கால் வந்தது. "பதினெட்டுப் பேர் ஆடுறது அது." ஆனால் முதல் நாள் பயிற்சியில் சேறாகிவிட்ட அவளுடைய சப்பாத்தை, அவள் நித்திரையான பிறகு கழுவிக் காயவைத்தது அவர்தான் என்று அக்கா எனக்குச் சொன்னார். மகளிடம் அதைச் சொல்லக்கூடாது என்று கட்டளையாம்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்க அக்கா என்னையும் கூட்டிப்போனார். மடக்குக் கதிரை, ரோல்ஸ், தேநீர் எல்லாம் கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல் போனோம். அண்ணை எங்களோடு இருக்கவில்லை. தள்ளி ஒரு மரத்தின் கீழ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நல்ல வெயில், கழுத்தில் சால்வை. பெண்கள் "அ துவா, அ துவா" (உனக்கு, உனக்கு) என்று பிரெஞ்சில் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்து ஆடினார்கள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவர் ஆடுகிறவளைப் பார்க்காமல் மைதானம் சதுரம் என்று நின்றார்.

கடைசி நிமிடத்தில் மகளுடைய அணி ஒரு புள்ளியால் பின்னுக்கு நின்றது. பந்து உயர வந்தது. இரண்டு பேருடைய தோளுக்கு மேலால் எழும்பி அதை மகள் பிடித்தாள். பிடித்த கையோடு ஆட்டம் முடிந்த ஊதலும் கேட்டது. ஆனால் ஊதலுக்கு முன் பிடித்தவளுக்கு ஓர் அடி உண்டு என்பது விதி. எல்லோரும் நின்றுவிட்டார்கள். கம்பத்தைப் பார்த்து அவள் தனியே நின்றாள். ஆற்றுப் பக்கமிருந்து எதிர்க்காற்று, தலைமயிரெல்லாம் பின்னால் பறந்தது. ஓடிவந்து உதைத்தாள். பந்து உயர்ந்து, காற்றில் சற்றே வளைந்து, பெரிய கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

கம்பத்தடியில் நின்ற நடுவர் பெண் ஒரு விரலை நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். பிறகு ஒரு கொடியை ஆட்டினாள். ஒரு புள்ளி. ஆட்டம் சமம். கூட ஆடியவர்கள் எல்லோரும் மகளின் மேல் விழுந்தார்கள். அக்காவும் நானும் எழும்பிக் கைதட்டினோம்.

அண்ணை மரத்தடியிலிருந்து வந்தார். "கைதட்டாதேங்கோ. அது கோலில்லை."

"ஒரு புள்ளிதானேயப்பா," என்றார் அக்கா. "தவறினவனுக்கும் ஒண்டு குடுக்கிற விளையாட்டெண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறனீங்கள்."

"அது அங்கை," என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் பின்னால் என்னோடு இருந்தாள். முழங்காலில் இரத்தம், முகமெல்லாம் வெளிச்சம். முன்னால் சாய்ந்து, "அப்பா, பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்க என்ன இருக்கு? சதுரத்துக்குள்ளை ஒன்பது பேர் ஓடுறதுக்குப் பேர் வேறை. இஞ்சை விளையாடுறது அதின்ரை பொம்மை."

அவள் இருக்கையில் பின்னால் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிநேகிதி அழைத்தாள். வீடுவரை பிரெஞ்சிலேயே கதைத்துக்கொண்டு வந்தாள், சிரித்துச் சிரித்து. அந்தச் சிரிப்பில் ஒரு சொல்லும் விளங்காமல் அவர் காரை ஓட்டினார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நாடு இவரை வெளியே தள்ளியது, சரி. அந்தக் கதவை இங்கே கொண்டுவந்து பெற்ற பிள்ளையின் முகத்தில் சாத்த வேண்டுமா?

மகள் பிறகும் ஆடினாள். ஒரு வருடம் சிறந்த வீராங்கனை என்று கிண்ணமும் கொடுத்தார்கள். தகப்பனைப் பார்க்க வரும்படி மட்டும் கேட்கவில்லை. காரில் ஒருநாள், "கேட்டால் போயிருப்பன்," என்றார். "கேளாமல் போகேலாதோ அண்ணை?" என்றேன். கைபேசியில் நடுவர் ஒருவர் விசில் ஊதினார். அவர் அந்த நடுவரைத் திட்டத் தொடங்கினார்.

அவள் பிசியோதெரபி படித்து முடித்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், மெல்பேர்னில் வேலை எடுத்திருப்பதாகச் சொன்னாள். கனடாக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு கணினியில் நாலு தட்டுத் தட்டியிருக்கிறாள், தகப்பனுக்கு மூடிய கதவு அவளுக்குத் திறந்துவிட்டது. அவருக்குப் பெருமையா எரிச்சலா என்று அவருக்கே தெரியவில்லை. "அங்கை போய் என்ன செய்யப்போறாய்? அந்த விளையாட்டுச் செத்துப்போச்சு," என்றாராம்.

மகளுக்குத் தமிழ் குறைவு, ஆனால் தேவையான இடத்தில் வரும். "செத்தவீட்டுக்கும் ஆக்கள் போறதுதானே அப்பா," என்றாளாம்.

பயணத்துக்கு முதல் நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "நீயும் நாளைக்கு எயர்போட்டுக்கு வாவன்," என்றார். "வெளியாள் நிண்டால் அவர் கொஞ்சம் வாயை அடக்குவார். போறதுக்கு முன்னம் பிள்ளைக்கு ஒரு நல்ல சொல்லுச் சொல்லவேணும். அவள் அதுக்காகத்தான் இவ்வளவு வருசமும் நிண்டவள். காட்டமாட்டாள். இப்ப சொல்லாட்டி இனி எப்ப?"

போனேன். டோர்வால் விமான நிலையத்தில் பயணப் பைகளைக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் பயணிகள் மட்டும் என்று எழுதியிருந்த கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாலு பேரும் நின்றோம். அக்கா அழுதுகொண்டே பிள்ளையின் ஜக்கற் சிப்பை மேலே இழுத்துவிட்டார், கீழே இழுத்துவிட்டார். அண்ணையின் கழுத்து வெறுமையாக இருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன். சால்வை அவருடைய ஜக்கற் பைக்குள் இருந்தது. கை அதற்குள் இருந்தது. குஞ்சம் கொஞ்சம் வெளியே தொங்கியது. மகளும் கண்டாள்.

"அண்டைக்கு நீ அடிச்ச அடி," என்று தொடங்கினார்.

எந்த அடி என்று அவள் கேட்கவில்லை. "ஓம் அப்பா."

"எதிர்க்காத்து."

"ஓம்."

"அந்தக் காத்திலை அவ்வளவு தூரம்..." நிறுத்தினார். பைக்குள் கை அசைந்தது. சால்வை இன்னும் நாலு விரல் வெளியே வந்தது. அக்கா என் கையைப் பிடித்தார், நகம் பதியப் பிடித்தார். சொல்லுங்கோ அண்ணை, சொல்லித் துலையுங்கோ என்று நான் மனத்துக்குள் கும்பிட்டேன்.

"காலை முந்தியே திருப்பிப்போட்டாய்," என்றார். "திருப்பாட்டி உள்ளை போயிருக்கும்."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையைப் பார்த்தாள். குஞ்சம் இன்னும் வெளியேதான் தொங்கியது. அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. வலக்கையை உயர்த்தி, நெஞ்சுக்கு நேரே ஒரு விரலை நீட்டினாள், கம்பத்தடி நடுவர் காட்டுவதுபோல். ஒரு கணம் அப்படியே பிடித்திருந்தாள். தாயை ஒருமுறை கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் தள்ளுவண்டியோடு ஒருவர் "பார்தோன், மிஸியூ" என்று வழிவிடும்படி கேட்டார். அண்ணை விலகவில்லை. இரண்டாம் தரமும் கேட்டார். அசைந்தால் ஐம்பது மீற்றர் என்று யாரோ சொன்னதுபோல் அவர் அந்த இடத்திலேயே நின்றார். அக்காதான் கையைப் பிடித்து இழுத்தார்.

மகள் அங்கேயே தங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள், தாயோடு கதைப்பாள்.

அவள் போன அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் காரில் ஏறினோம். பழைய குருடி கதவைத் திறடி. சால்வை அவருடைய கழுத்தில் இருந்தது, கைபேசி முன்தட்டில் இருந்தது, அவருடைய கழகம் தோற்றுக்கொண்டிருந்தது. வெயர்ஹவுஸ் வாசலில் காரை நிறுத்தியபோது கடைசிக் குவாட்டர். யாரோ உதைத்தது பக்கத்தால் போனது. பின்னாலிருந்து பிரவீன், "ஒன்னு, அண்ணா," என்றான். அவ்வளவு தூரம் அவனும் தேறியிருந்தான்.

அண்ணை சத்தத்தைக் குறைத்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எயர்போட்டிலை அவள் காட்டினதை நீர் கண்டனீர்தானே?"

"கண்டனான் அண்ணை."

"அது ஒண்டில்லை."

வாழ்நாளெல்லாம் நடுவர்மாரோடு சண்டை பிடித்த மனிதர். இதற்கும் வாதாடப் போகிறார், ஆறு தந்திருக்க வேண்டும் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கம்பத்திலை படேல்லை," என்றார். "கிட்டவும் போகேல்லை. சின்னக் கம்பத்துக்கும் வெளியாலை போனது. அதுக்கு ஒண்டும் குடுக்கக்கூடாது. பிள்ளை பிழையாய்க் குடுத்திட்டுது."

பிரவீன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தான். அவர் சொன்னது எயர்போட்டில் தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைப் பற்றி.

"அதை அவளிட்டைச் சொல்லுங்கோ அண்ணை," என்றேன். "அங்கை இப்ப வெள்ளி இரவு. முழிச்சுத்தான் இருப்பாள். இப்பவே எடுங்கோ."

அவர் கைபேசியைப் பார்த்தார். அதில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவளை அழைப்பதென்றால் அதை நிற்பாட்ட வேண்டும். முகமே கண்டிராத என் அம்மாவுக்காக ஒருமுறை ஆட்டத்தை நிற்பாட்டிய அதே கை கியர்த் தடியில் இருந்தது. கொஞ்சம் எழும்பியது. பிறகு சத்தத்தைக் கூட்டியது.

"கடைசிக் குவாட்டர் நடக்குது," என்றார்.

சைரன் ஊதும்வரை இருந்தோம். அவருடைய கழகம் தோற்றது. இறங்கி வாசலுக்கு நடக்கும்போது, அன்றைக்கு நடுவர்மாரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.